ஏழாம் எண் புத்தகம்

ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது மட்டும் அம்மா ஊரைக் கூட்டுகிறாள். உன் காது எப்படி இருக்கிறது? அந்த மின்நிலைய டர்பைன் பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொண்டுதானே நிற்கிறாய்? "வேலை கிடைச்சிருச்சு"ன்னு நான் போனில் மூன்று தடவை கத்தினேன். நீ "யாருக்குக் கல்யாணம்?" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். இனி நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

வேலை வேறெங்கும் இல்லை, நாம் மூன்று பேரும் படித்த அதே பள்ளிக்கூடத்தில்தான். மாணவர் ஆலோசகர். அறை நூலகத்தை ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மணி அடித்தால் எண்ணூறு கால்கள் என் தலைக்கு மேல் இறங்குகின்றன. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் ஒரு மின்விசிறி. கதவு மட்டும் விசித்திரம். கீழே நான்கு விரல் அளவுக்கு அறுத்திருக்கிறார்கள், பிள்ளை வளர்ந்த பிறகும் போட்டுவிடுகிற பழைய கால்சட்டை மாதிரி. "ஏன் இப்படி?" என்று பியூனைக் கேட்டேன். "நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான்மா. பூனை வரட்டும்னு விட்டுருப்பாங்க" என்றார்.

இங்கே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆலோசகர் கிடையாது. பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் வேலையையும் நூலக அம்மா தலையில் கட்டியிருந்தார்கள். அந்த அறைக்குப் போகிற பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று அவர் ஒரு வழி செய்தார். முதல் தடவை வருகிற பிள்ளையிடம் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புவார். இதற்கென்றே பன்னிரண்டு புத்தகங்கள், எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு வாரம் ஒரு முறை வகுப்புக்கு ஒரு சீட்டுப் போகும்: 'நூலகப் புத்தகத்துடன் வரவும்.' பிள்ளை புத்தகத்தோடு வந்து, பேசிவிட்டு, அதே புத்தகத்தோடு திரும்பும். பார்க்கிறவர்களுக்கு அது வாசகர். விதி ஒன்றே ஒன்று. பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இனி வர விருப்பமில்லை என்று பொருள். அதன்பின் கூப்பிடக் கூடாது. துரத்துகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு பிள்ளையும் உள்ளே கால் வைக்காது என்கிறார் தலைமையாசிரியை. எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. இந்த வருஷமாவது லீவு போட்டுவிட்டு வா. மூன்று நாளில் ஓடிவிடாதே.

உன் வாலு


ஜூன் 24

தங்கைக்கு,

நலம். காதுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் சொட்டு மருந்தைக் காலையில் விடாதே, படுக்கும் முன் விடு. எரிச்சல் தெரியாது.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஊரில் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்கிறதே. மாடிப்படிக்கு அடியில் காற்று வராது, உனக்கு இழுப்பு வேறு. யோசித்துப் பார்.

அந்தப் புத்தகங்களுக்கு இன்னும் பச்சைத் துணி அட்டைதானா? பழைய பதிவேடு ஏதாவது அலமாரியில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடு. பூச்சி பிடிக்கும்.

அம்மாவுக்கு என் விசாரிப்பு.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருந்தை இரவுக்கு மாற்றிவிட்டேன். அம்மா இப்போது இரவில் ஊரைக் கூட்டுகிறாள். மற்றபடி நலம். எனக்கு இழுப்பு வந்து பத்து வருஷமாகிறது, உனக்கு அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது!

பச்சைத் துணி அட்டைதான். ஆனால் நான் அட்டையைப் பற்றி எழுதவே இல்லையே? பள்ளியில் மாணவர் தலைவனாகச் சட்டையில் வெள்ளிப் பட்டை குத்திக்கொண்டு திரிந்தவனுக்கு அந்த அறையில் என்ன வேலை? அப்போதே யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வந்தாயா? சொல்லு, சொல்லு. தொழில் தர்மப்படி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் புதிதாக ஒரு பெண் வருகிறாள். ஒன்பதாம் வகுப்பு. பெயர் சொல்லக் கூடாது, நகக்கடி என்று வைத்துக்கொள். பத்து விரலிலும் நகமே இல்லை. முதல் புதன்கிழமை கதவுக்கு வெளியே இரண்டு கறுப்பு ஷூ வந்து நின்றன, போய்விட்டன, மறுபடி வந்தன. அறுத்த கதவு எவ்வளவு நல்லது பார், காலைப் பார்த்தே "உள்ள வாம்மா" என்று கூப்பிட முடிந்தது. ஏழாம் எண் புத்தகம் கொடுத்தேன். பறவைகளைப் பற்றியது. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு காரணமில்லாமல் சின்னண்ணன் ஞாபகம் வந்தது. அவனும் ஒன்பதாவதில்தானே இருந்தான். ஒரு சாயங்காலம் வீட்டையே தலைகீழாகப் புரட்டி எதையோ தேடினானே, உனக்கு நினைவிருக்கிறதா? மெத்தையைத் தூக்கிப் பார்த்தான், என் பொம்மைப் பெட்டியைக்கூடக் கொட்டினான். "என்னடா தேடுற?" என்று அம்மா கேட்டும் சொல்லவில்லை. நீ அந்த மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். அவன் ஏரியில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி. எனக்கு ஒன்பது வயது. அவன் எதைத் தேடினான் என்று இன்றுவரை தெரியாது.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஜூலை 29

தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வருடாந்திரப் பராமரிப்பு, இரண்டு டர்பைனைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். நலம். தூக்கம்தான் சரியில்லை.

அவன் எதைத் தேடினான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பம்பரமாக இருக்கும். சின்னப் பையன்கள் எதையாவது தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். கால் வழுக்கி விழுந்தவனைப் பற்றி இருபத்தாறு வருஷம் கழித்து என்ன பேச்சு.

ஏழாம் எண் புத்தகத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பழைய தாள், அந்தப் பெண்ணுக்கும் இழுப்பு வந்துவிடும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்டுவிட்டேன். அம்மா நலம். நான் நன்றாக இல்லை.

போன புதன்கிழமை நகக்கடிக்குச் சீட்டு அனுப்பினேன். அவள் வரவில்லை. அவளுடைய அக்கா வந்தாள், பன்னிரண்டாவது படிக்கிறவள். கெட்டிக்காரி. இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றாள். கையில் ஏழாம் எண் புத்தகம்.

"மேடம், தங்கச்சியோட புக்கு. திருப்பிக் குடுக்கச் சொன்னா."

"அவளே சொன்னாளா?"

"ஆமா மேடம்."

விதி விதிதானே. வாங்கிக்கொண்டேன். பதிவேட்டில் 'புத்தகம் திரும்பி வந்தது' என்று எழுதிக் கோடு போட்டேன். எழுதி முடித்தும் என்னவோ மனம் ஒப்பவில்லை. நம் நூலக அம்மா இப்படிப்பட்ட சமயத்தில் எப்படி எழுதியிருப்பார் என்று பார்க்கலாமே என்று அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய பதிவேடுகளை எடுத்தேன். நீ எடைக்குப் போடச் சொன்னவை.

அண்ணா, சின்னண்ணன் அந்த அறைக்குப் போயிருக்கிறான். நாலு புதன்கிழமை. ஏழாம் எண் புத்தகம். ஐந்தாவது புதன்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறது:

'புத்தகம் திரும்பி வந்தது. தமையன் கொண்டுவந்தார். மாணவரின் விருப்பமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார்.'

அதற்குப் பதினொரு நாள் கழித்து அவன் செத்துப்போனான். தேதியை நான் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

எனக்கு இப்போது உன்மேல் கோபப்பட நேரமில்லை. அந்தப் பெண்ணைக் கவனிக்கச் சொல்லி வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் இடைவேளையில் நானே தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறேன், வகுப்புக்கு வருகிறாள், யாரோடும் பேசுவதில்லை. "புத்தகம் வந்துருச்சில்ல, விட்டுருங்க. நாமளே விதிய மீறினா அப்புறம் எந்தப் பிள்ள நம்மள நம்பும்?" என்கிறார் தலைமையாசிரியை. அதுவும் நியாயம்தான். அக்காக்காரியை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணைப் பார்த்து அதே 'ஆமா மேடம்' சொன்னாள்.

அந்த 'ஆமாம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தவர்களில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ஒரே ஒரு கேள்வி. சின்னண்ணன் உன்னிடம் கொடுக்கச் சொன்னானா?

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

இல்லை.

அந்தப் பெண்ணை உடனே கூப்பிடு. சீட்டு அனுப்பாதே, நீயே வகுப்புக்குப் போ. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தேன். தலைமையாசிரியையிடம் கேட்கவில்லை. முதல் பீரியடில் நேராக வகுப்புக்குப் போய் அவளைக் கூட்டிவந்தேன்.

மேசைமேல் ஏழாம் எண் புத்தகம் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டாள். "இத நான் எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா மேடம்? தொலச்சுட்டேன்னு நெனச்சேன். புக்கு இல்லாம எப்பிடி வர்றதுன்னுதான் வரல. நீங்க சீட்டு அனுப்பின புதன்கிழம வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க யாரோடயோ பேசிட்டிருந்தீங்க."

அண்ணா, அவள் வந்தபோது நான் அவளுடைய அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கொடுத்த புத்தகம் என் கையில் இருந்தது.

அவள் என்னிடம் சொன்னது அந்த அறையோடு இருக்கட்டும். உனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். இன்னும் ஒரு வாரம் நாங்கள் விதியைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அன்று மதியமே அவளுடைய அம்மாவை வரவழைத்து, மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். இப்போது அவள் தனியாக இல்லை. உன் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் அதைச் செய்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றதை எழுதுகிறேன் என்றாய். காத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

வாலு


செப்டம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து தாளை எடுத்து வைப்பேன். 'நலம்' என்று எழுதியதும் நின்றுவிடும். இன்று அதை எழுதாமலே ஆரம்பிக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு புத்தகங்களின் ரகசியம் கீழ் வகுப்புகளுக்குத்தான் ரகசியம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பச்சை அட்டை என்றால் 'கழன்ற கேஸ்' என்போம். நானும்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒருவன், "தலைவரே, உங்க வீட்லயே ஒரு பச்சை அட்டை இருக்காமே?" என்றான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

சாயங்காலம் பார்த்தேன். அவன் தலையணைக்கு அடியில் இருந்தது. அவனுக்கு என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதுதான், தங்கை. என் தம்பி நாலு வாரமாக யாரிடமோ போய் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறான். என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் வெள்ளிப் பட்டைதான் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலக அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "அவனே குடுக்கச் சொன்னானாப்பா?" ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பொய் சொல்லாதே என்று அதட்டியிருந்தால் உளறியிருப்பேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லியிருந்தாலும் உளறியிருப்பேன். அவர் மரியாதையாகக் கேட்டார், நானும் மரியாதையாக 'ஆமாம்மா' என்றேன். நல்ல பையன் என்று பெயர் வாங்கியவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று சாயங்காலம் அவன் தேடியதை நீ பார்த்தாய். நானும் பார்த்தேன். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒரு புக்கு பாத்தியா?" என்றான். "இல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவன் தேடவில்லை.

ஏரியில் அவன் கால் வழுக்கியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால்கூட நிம்மதியாக இருக்கும். கேட்காத காதோடு வாழ்வது எனக்குக் கஷ்டமில்லை. டர்பைன் ஓடும்போது அவன் கேட்பது காதில் விழுவதில்லை. அது நிற்கும் நாட்களில்தான் தெளிவாகக் கேட்கிறது. 'அண்ணா, ஒரு புக்கு பாத்தியா?'

மூன்று நாளுக்கு மேல் ஏன் வீட்டில் தங்குவதில்லை என்று அம்மா கேட்பாளே, இதுதான் காரணம். அந்த மெத்தை இன்னும் அங்கே கிடக்கிறது.

ஒரு உதவி. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் நீ படித்துக் காட்டிவிடு. பக்குவமாகச் சொல்ல உனக்குத் தெரியும், அது உன் தொழில். என்னால் முடியாது.

அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அந்த அறையில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன், கோபப்பட்டேன், உன்னைத் திட்டினேன். சத்தமாகவே. மணி அடித்து எண்ணூறு கால்கள் இறங்கியதால் யாருக்கும் கேட்கவில்லை.

நானும் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். பதிவேட்டில் உன் வரிக்குக் கீழே இன்னும் இரண்டு குறிப்பு இருக்கிறது. ஆகஸ்டில் அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

'புதன், நாலாம் பீரியட். கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது. நான் எழுந்து திறப்பதற்குள் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் தாழ்வாரக் கடைசிக்குப் போய்விட்டார். கையில் புத்தகம் இல்லை. விதிப்படி கூப்பிடவில்லை.'

அடுத்தது இரண்டு வாரத்துக்குப் பிந்தைய தேதி. 'தச்சரை வரவழைத்துக் கதவின் அடியை நான்கு விரல் அறுக்கச் சொன்னேன். இனி யார் நின்றாலும் எனக்குத் தெரிய வேண்டும்.'

பூனைக்காக இல்லை, அண்ணா. அந்த அம்மா ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு புதன்கிழமையும் நாலாம் பீரியடில் யாரையும் பார்க்காமல் கதவடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பியூன் சொன்னார். போன வருஷம் இறந்துவிட்டார். உன்னை மாதிரியே இன்னொருத்தரும் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கிறார், தெரிந்துகொள். உன் தப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கதவை நீ மட்டும் மூடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கும் இப்போது புதன்கிழமை நாலாம் பீரியடில் வேறு வேலை ஓடுவதில்லை. ஷூ எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை "உள்ள வாடா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குச் சீட்டு எழுதுகிறேன்.

நகக்கடியின் அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். திட்டவில்லை. ஒரு பீரியட் முழுக்கச் சட்டை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்போது, "எல்லாரும் சிரிச்சாங்க மேடம்" என்றாள். அவளுக்கும் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறேன், நாலாம் எண். இப்போது அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பச்சை அட்டையோடு ஒன்றாகப் படியிறங்கி வருகிறார்கள். நகக்கடிக்குச் சுண்டுவிரலில் கொஞ்சம் நகம் வளர்ந்திருக்கிறது. விதியையும் மாற்றிவிட்டோம். எடுத்தவர் கையால் மட்டுமே புத்தகம் திரும்பி வர வேண்டும், வேறு யார் கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. தலைமையாசிரியையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதனால் நீ கேட்ட உதவியை என்னால் செய்ய முடியாது. அம்மாவிடம் நான் படித்துக் காட்ட மாட்டேன். உன் புத்தகத்தை நான் கொண்டுபோய்க் கொடுப்பதா? போதும், நம் வீட்டில் ஒரு தடவை நடந்தது போதும்.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். ஏழாம் எண். நகக்கடிக்கு வேறு புத்தகம் மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவள் ஒத்துக்கொண்டாள். உன் பெயரில் பதிந்திருக்கிறேன். உள்ளே சீட்டும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு நீ எழுதியதாக மட்டும் சொன்னேன். "அவன் கையெழுத்து எப்படி இருக்கு, கோணலா, நேரா?" என்று கேட்டாள்.

வாலு


அக்டோபர் 21

அன்புத் தங்கைக்கு,

பொட்டலம் வந்தது. இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிரித்துப் படித்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அதைக் கையில் வைத்திருந்தும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல புத்தகம். அவனுக்குப் பிடித்திருக்கும்.

இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

அம்மாவிடம் நான் வருவதாகச் சொல். மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உன் அறைக்கு வருகிறேன். புதன்கிழமை, நாலாம் பீரியட். எனக்குக் காது கேட்காது, நீ உள்ளேயிருந்து கூப்பிட்டால் தெரியாது. கதவடியில் காலைப் பார்த்ததும் எழுந்து வந்து திற.

புத்தகத்தோடு வருவேன்.

அண்ணன்